சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்ல. வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் செய்த ஒரு தவறுதான் என்னை இதைப் பற்றிப் பேச வைத்தது.

உறவுக்காரப் பையன் ஒருவன் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பினான். பார்க்கப் போன நான், அவன் எதிரிலேயே, "பாவம், பச்சைப் பிள்ளைக்கு இப்படியா வரணும்!" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டான். பிறகு நான் போனால் வெளியே வருவதே இல்லை. அவன் அம்மாவிடம் கேட்டேன். "எல்லாரும் இன்னமும் நோயாளியாத்தான் பாக்குறாங்க மாமா. விளையாடக் கூப்பிட ஒருத்தரும் இல்லை" என்றாள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தக் காலம் இப்போது இல்லை. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அப்படிக் குணமானவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க, 2009இல் அங்கே 'உகம்' என்ற குழுவும் தொடங்கியது.

ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட நீளும். அதற்குள் கூடப் படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போய்விடுவார்கள். முடி கொட்டியதும், மருந்தால் முகம் ஊதியதும் பிள்ளையின் மனதில் தங்கிவிடும். சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் வீடே நடுங்கும். இத்தனை நாளும் கவனிக்க ஆளில்லாமல் இருந்த அண்ணன், தங்கைக்கும் ஏக்கம் இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை சிலதான்:

• இது தொற்றுநோய் அல்ல. தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். உங்கள் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்ந்து விளையாட விடுங்கள்.
• பிள்ளை எதிரில் நோயைப் பற்றி விசாரிக்காதீர்கள். படிப்பு, விளையாட்டு பற்றிக் கேளுங்கள்.
• விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக்கொடுங்கள். நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.
• பிள்ளை தூங்காமல், பேசாமல், பள்ளிக்குப் போக மறுத்தால், சிகிச்சை தந்த மருத்துவரிடமே மனநல ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் அந்தப் பையனிடம், "கேரம் ஆட வர்றியாப்பா?" என்று மட்டும் கேட்டேன். வந்தான். இரண்டு ஆட்டத்திலும் என்னைத் தோற்கடித்துவிட்டு, "நாளைக்கும் வரவா ஐயா?" என்றான்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், விளையாடக் கூப்பிடுங்கள்.