பாம்பன் துறையும் பாலமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராமேசுவர யாத்திரை செய்யாத குடும்பம் நம்முள் ஒன்றேனும் இருத்தல் அரிது. சென்று மீண்டோரை, ‘பாம்பனில் யாது கண்டீர்?’ என வினவின், ‘பாலங் கண்டோம், கடல் கண்டோம்’ என்பர். இக்காலத்தார் சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திக் கைப்பேசியிற் படம்பிடித்துக்கொண்டு மீள்கின்றனர். படம்பிடித்தலை யாம் குறை கூறோம். ஆயின் அத்துறை நம் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றொடு பிணைந்ததாதலின், அதனைச் சிறிது அறிந்து காண்டல் வேண்டும் என்பது எம் கருத்து.

பாம்பன் என்பது இராமேசுவரத் தீவின் மேலைக்கோடி. எதிர்க்கரையில் மண்டபம். இவ்விரண்டிற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள கடற்கால் ஒன்று, வடக்கே பாக்கு நீரிணையையும் தெற்கே மன்னார்க் குடாவையும் இணைக்கின்றது. நீர் பாம்புபோல் வளைந்தோடுதலின் இப்பெயர் வந்ததென ஊரார் உரைப்பர். கேட்பதற்கு இனிய காரணமே. சொல்லாராய்ச்சிக்கு அது நின்று கொடுக்குமோ என்பதை வேறொரு நாள் பேசுவோம்.

இக்கடற்காலின்மேல் இரயிற்பாலம் அமைக்கும் வேலை 1911 இல் தொடங்கி, 1914 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 இல் பாலம் திறக்கப்பெற்றது. இங்கே கட்டினோரை எதிர்த்து நின்ற இடர் ஒன்று. வண்டி செல்லப் பாலம் வேண்டும். கப்பல் செல்லப் பாலம் இருத்தலாகாது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றற்கு அமெரிக்கராகிய ஷெர்சர் என்பார் பெயரால் வழங்கும் முறையைக் கைக்கொண்டனர். பாலத்தின் நடுவே இரண்டு இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. கதவின் அடிப்பாகம் சக்கரத்தின் ஒரு துண்டுபோல் வளைந்திருக்கும். கப்பல் வருங்கால் அவ்வளைவு பின்னோக்கி உருளும்; உருளவே, கதவின் நுனி மேலே எழும்; வழி திறக்கும். கிணற்றேற்றத்தில் ஒருபுறம் சால் தொங்க மறுபுறம் கல்லைக் கட்டுகிறோமன்றோ? அவ்வாறே இங்கும் கதவின் பிற்புறத்தே எதிர்ப்பளுவை ஏற்றியுள்ளனர். நம் உழவர் நெடுங்காலமாய் அறிந்த நுட்பந்தான். அளவு ஒன்றே பெரிது.

அக்கதவுகளைத் திறந்தவை மின்பொறிகளல்ல, மனிதர் கைகளே. இருபுறமும் தொழிலாளர் நின்று நெம்புகோல்களைப் பற்றிச் சுற்றிச் சுற்றி வருவர், பற்சக்கரங்கள் சுழலும், இரும்பு மலை மெல்ல எழும். கப்பல் கடந்தபின் மறித்தும் சுற்றுவர். வெயிலும் உப்புக்காற்றும் ஒருங்கே தாக்கும் இடம் அது. இரும்பையே தின்னும் காற்று மனிதர் தோலை விடுமோ? நூறாண்டுக்கு மேல் இங்ஙனம் சுற்றிய கைகளுக்குரியோர் பெயரை எந்தக் கல்லிலும் யாம் கண்டிலேம்.

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு அடித்த பெரும்புயலை முதியோர் நன்கறிவர். பாம்பனிலிருந்து தனுக்கோடி சென்ற பயணிவண்டி, ஊரை அணுகுமுன் அலைவாய்ப்பட்டது, அதிலிருந்தோர் மாண்டனர். தனுக்கோடியும் அழிந்தது. பாலத்தின் உத்திரங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கடல் வாரிக்கொண்டது. நடுவிலிருந்த ஷெர்சர் கதவுகள் மாத்திரம் நின்றன. அப்பொழுது இளம் பொறியாளராயிருந்த ஸ்ரீதரன் என்பாரிடம் சீர்செய்யும் பொறுப்பை ஒப்புவித்தனர். கடலடியிற் கிடந்த உத்திரங்களைத் தேடியெடுத்து, 46 நாட்களில் மீண்டும் வண்டி செல்லுமாறு செய்தனர். பின்னாளில் டெல்லி மெட்ரோவை அமைத்தவரும் இவரே.

இனி, அப்பாலத்தின் வழியே சென்றவர் யாவர் என்பதைக் காண்போம். சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ என்னும் வண்டி தனுக்கோடிக்கு வந்தது. அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்குச் சென்றது. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் இரயில். துரைமாரும் வணிகரும் சென்றனர். அவரினும் மிகப்பலராய், கங்காணியின் பின்னே தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர் நம் மாவட்டத்தாரும் பிற தமிழ் மாவட்டத்தாருமாகிய ஏழைகள். பாலத்திற்கு முன் அவர்கள் தோணியேறி மன்னார்க்கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். இரயில் வந்தபின் நடைத்துன்பம் ஒழிந்தது. மண்டபத்தில் இலங்கை அரசாங்கத்தார் அமைத்த முகாமில் அடைபட்டு, அம்மை குத்திக்கொண்டு, நோயிலர் எனத் தெளிந்தபின் செல்லும் முறை வந்தது. ‘மண்டபம் கேம்ப்’ என்னும் இரயில் நிலையப் பெயர் அதன் எச்சமே. எந்தத் தோட்டத்திற்குரியவர் என்பதைக் காட்ட அவர்களுக்குத் தகரத்தகடு ஒன்று தரும் வழக்கமும் இருந்தது. எம் பாட்டியாரின் தாயார் கொண்டுவந்த தகடு எம் வீட்டுப் பழம்பெட்டியில் இன்றும் உளது. எண் தெரிகிறது, அவரைப் பற்றிய வேறு எழுத்தாவணம் எம்மிடம் இல்லை.

1897 ஆம் ஆண்டு ஜனவரி 26 இல் விவேகானந்தர் மேனாட்டிலிருந்து மீண்டு இப்பாம்பனிலே கரையேறியதும், பாஸ்கர சேதுபதி மன்னர் எதிர்கொண்டு போற்றியதும் யாவரும் அறிந்தவை. குந்துகாலில் அதற்கு நினைவில்லம் உண்டு, அது தக்கதே. அதே துறையைப் போக்கிலும் வரவிலும் கடந்த பல இலக்கம் மக்களுக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

வரவு என்றதற்குக் காரணம் உண்டு. புயலுக்கு இரு திங்களுக்குள்ளாக, 1964 அக்டோபர் 30 இல், சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்பது அதன் சாரம். தோட்டத்திலே பிறந்து, இக்கரையைக் கண்டறியாதோர் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் பெயரோடு இராமேசுவரத்தில் வந்திறங்கினர். ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் அவர்களைக் கொணர்ந்தது. தம் பாட்டன் சென்ற பாலத்தின்மேல் எதிர்த்திசையிலே வந்து, அதே மண்டபத்து முகாமில் தங்கினர். சென்றபோது கூலி என்றனர்; வந்தபோது அகதி என்றனர். இரண்டு சொல்லும் நம் சுற்றத்தாரையே குறித்தன என்பதை நம் இளைஞர் அறியார். சிலர் வீடுகளில் அதனை மறைத்தலும் உண்டு. மறைத்தற்கு அதில் என்ன இழிவு உளதென எமக்குப் புலப்படவில்லை.

பழைய பாலத்தில் வண்டி ஓட்டம் 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரல் 6 இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பெற்றது. அதன் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையால் நேராக மேலெழுகின்றது. அழகிய வேலை, காணத்தக்கது. பழைய பாலத்தைப் பிரித்தெடுப்பது பற்றிய பேச்சும் எழுந்துள்ளது. துருவேறிய உத்திரங்கள் அனைத்தையும் காத்தல் இயலாது. அவற்றை இழக்க யாமும் உடன்படுகிறோம். ஆயின் ஷெர்சர் கதவுகளில் ஒன்றையேனும், கைகள் சுற்றிய அந்நெம்புகோல்களோடு, பாம்பன் கரையில் நிறுத்தி, அதனைக் கடந்து சென்றோரையும் வந்தோரையும் குறித்து ஒரு கல்வெட்டும் அமைக்குமாறு இரயில்வேயாருக்கு நம் சங்கத்தின் பேரால் விண்ணப்பம் விடுத்தல் நலம். விண்ணப்ப வாசகத்தை எழுதி வைத்துள்ளோம். காரியதரிசி அவர்கள் அதனைப் படித்துக் காட்டுவார்கள்.

மற்றொன்று. தகரத்தகடு, கப்பல் பயணச்சீட்டு, இலங்கைப் பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை, தோட்டத்திலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றுள் எது வீட்டிலிருப்பினும், அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவருக. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். எழுத்தறியாத முதியோர் நினைவிலிருந்து கூறுவனவற்றை எழுதிக்கொள்ள நம் மாணாக்கர் நால்வர் இசைந்துள்ளனர். முதலில் எம் வீட்டுத் தகட்டை, இதோ, அவைத்தலைவர் முன் வைக்கின்றோம்.