ஈமெயில் கணக்கும் திருடர்களும்



நம்முடைய ஈமெயில் கணக்கைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றிக் கொள்ளுவது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நமக்குக் கட்டளை. இது ஏதோ படித்தவர்கள் சங்கதி என்று யாரும் அலட்சியமாய் இருந்துவிட வேண்டாம். பாங்கிக் கணக்கு, பென்ஷன், பிள்ளையின் பரீட்சை விண்ணப்பம் ஆகிய பலவும் இன்று அந்த ஒரு விலாசத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. வேறு கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோனால், புதிதாக மாற்றிக் கொள்ளும் வழியும் பெரும்பாலும் அந்த ஈமெயிலுக்கே வருகின்றது. ஆகவே அதைப் பிடித்தவன் வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் பிடித்தவனாகின்றான்.

இத்திருடர்கள் மகா மேதாவிகள், கம்ப்யூட்டரில் ஏதோ மாயவித்தை செய்து நுழைகின்றார்கள் என்று அநேகர் நினைக்கின்றார்கள். மாயமுமில்லை, மந்திரமுமில்லை. அநேகமாய் நாமேதான் கதவைத் திறந்து விடுகின்றோம்.

2008-ம் வருஷம் அமெரிக்காவில் உபஜனாதிபதி பதவிக்கு நின்ற சாரா பேலின் அம்மையாரின் யாஹூ கணக்கிற்குள் 20 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் புகுந்துவிட்டான். அவன் செய்த வித்தை என்ன? "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்றான், அவ்வளவுதான். பிறந்த தேதி என்ன, தபால் எண் என்ன, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்று யாஹூ கேட்டது. அம்மையார் பிரபலமானவர், மூன்றுக்கும் விடை தேடினால் கிடைக்கும். தேடினான், எழுதினான், திறந்துகொண்டது. நம் ஊரிலோ தேடவும் வேண்டாம். நம் தாயார் பிறந்த ஊரும், நாம் முதலில் படித்த பள்ளிக்கூடமும் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். சில கம்பெனிகள் இக்கேள்விகளைக் கைவிட்டுவிட்டன. கேட்கும் இடத்தில் நிஜத்தைத்தான் எழுத வேண்டும் என்று என்ன சட்டம்? சம்பந்தமில்லாத எதையாவது எழுதி, அதை ஒரு நோட்டில் குறித்துப் பூட்டி வையுங்கள்.

இனி 2016-ம் வருஷத்துச் சங்கதி. ஹில்லாரி கிளிண்டன் அம்மையாரின் தேர்தல் வேலைகளுக்குத் தலைமை வகித்த ஜான் பொடெஸ்டாவுக்கு, கூகுள் கம்பெனி அனுப்பியதுபோல் ஒரு கடிதம் வந்தது. "உக்ரேனிலிருந்து யாரோ உம் கணக்கில் நுழையப் பார்த்தான், உடனே பாஸ்வேர்டை மாற்றும்" என்பது அதன் சாரம். அதைப் பார்த்த கம்ப்யூட்டர் உதவியாளர் "இது உண்மைக் கடிதம்" என்று பதில் எழுதிவிட்டார். போலி என்று எழுத வந்து தவறிவிட்டதாகப் பின்னால் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், கூகுளின் சரியான விலாசத்தையும் அவர் அதிலேயே கொடுத்திருந்தார். ஆனால் அழுத்தப்பட்டதோ திருடன் கொடுத்த லிங்க்! அவ்வருஷம் அக்டோபர் முதல் ஆயிரக்கணக்கான கடிதங்கள் விக்கிலீக்ஸ் மூலம் ஊர் சிரிக்க வெளியாயின.

இவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படியானால் நாம் எம்மாத்திரம்? பயம், அவசரம், பெரிய கம்பெனியின் பெயர் - இம்மூன்றும் சேர்ந்தால் மனிதன் யோசிப்பதை நிறுத்திவிடுகின்றான். கம்பெனியின் முத்திரையை எவனும் ஒட்டலாமே! ஆகவே கடிதம் எவ்வளவு மிரட்டினாலும் அதிலுள்ள லிங்கைத் தொடாமல், விலாசத்தை நாமே டைப் செய்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

பாஸ்வேர்டு நீளமாயிருக்கட்டும், ஓரிடத்தில் வைத்ததை வேறிடத்தில் வைக்க வேண்டாம். 2013-ல் யாஹூவில் நடந்த திருட்டு 300 கோடிக் கணக்குகளையும் தொட்டது என்று 2017-ல் அக்கம்பெனியே ஒப்புக்கொண்டது. மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்பது வெறும் சடங்கு. களவு போனதாய்த் தெரிந்தால் மாற்றினால் போதும்.

போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும்படியான இரண்டாவது பூட்டையும் போட்டுக் கொள்ளுங்கள். "ஆபீசர் பேசுகிறேன்" என்று எவன் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. போலிப் பக்கத்தில் எழுதினாலும் போனது போனதுதான். பாஸ்கீ என்ற புது ஏற்பாடு போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. வசதியுள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு திருட்டுப்போய்த் திரும்பக் கிடைத்தால், பாஸ்வேர்டை மாற்றி, மற்ற கருவிகளிலிருந்து வெளியேற்றியதோடு நிறுத்தக் கூடாது. நமக்கு வரும் கடிதங்கள் வேறு விலாசத்திற்கும் போகும்படி திருடன் ஏதேனும் ஏற்பாடு செய்துவைத்திருக்கின்றானா என்று செட்டிங்ஸில் அவசியம் பார்க்க வேண்டும். அநேகர் இதை மறந்துவிடுகின்றார்கள்.

சந்தேகமுள்ள தோழர்கள் தாராளமாய் எழுந்து கேட்கலாம். பாஸ்வேர்டை மட்டும் தயவுசெய்து இங்கே சொல்லிவிடாதீர்கள்.