மெய் கண்டவரும் மெய் தேடியவரும்



தத்துவஞானி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பெரும்பாலும் ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீசின் உருவமே. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு அறிவின்பால் அன்பு பூண்டவன் என்பது பொருள். அறிவை உடையவன் என்பதன்று. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு, விழுப்புரம் மாவட்டத்தில் பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூருக்கு வாருங்கள்.

வழக்குக்குப் பெயர்பெற்ற ஊர் அது. முதியவர் ஒருவர் ஓலை காட்டிச் சுந்தரரைத் தம் அடிமையென்று நிலைநாட்டியதாகப் பெரியபுராணம் கூறுவது இவ்வூர் அவையிலேயே. 13ஆம் நூற்றாண்டில் இங்கு வேறொரு வாதம் எழுந்தது. பெண்ணாகடத்திற் பிறந்து, மாமன் வீட்டில் வளர்ந்த மெய்கண்டார் என்னும் இளஞ்சிறுவர், தம்மை நாடி வந்தோர்க்குச் சைவப் பொருள் உரைத்து வந்தார். அக்குடும்பத்தின் குலகுருவோ அருணந்தி சிவாசாரியார். ஆகமங்கள் அனைத்தும் கற்றவர் என்பதாற் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். தம் மாணாக்கர் ஒரு பிள்ளையின் முன் அமர்ந்து பாடங்கேட்பதை அவர் பொறுப்பாரா? நேரே சென்றார். ஆணவ மலத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் இயல்பு யாது என்று வினவினார். சிறுவர் மறுமொழி கூறாமல், நின்றுகொண்டிருந்த அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். அருணந்தியார் அக்கணமே பணிந்து மாணாக்கரானார் என்பது சைவ மரபு வழங்கும் வரலாறு.

மெய்யைக் கண்டவர் என்ற பெயரே அச்சிறுவருக்கு அமைந்துவிட்டது. அவர் அருளிய சிவஞான போதம் 12 சூத்திரங்களே கொண்ட நூல். எனினும் சைவ சித்தாந்தம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. ஆயினும், தத்துவஞானி யார் என்று நீங்கள் என்னைக் கேட்பின், என் விரல் அவர்முன் நின்ற முதியவரையே சுட்டும். ஊரறிந்த பட்டத்தையும் வயதையும் ஒரு பார்வைக்காக இறக்கிவைப்பது எளிதன்று. அவர் விடையைக் கற்றிருந்தார். அவ்விடை தம்மைப் பற்றியது என்பதை அன்றே கற்றார்.

பின்னர் அவர் செய்ததைப் பாருங்கள். சிவஞான சித்தியார் என்ற பெருநூலை இயற்றினார். தம் கொள்கையைச் சுபக்கம் என்னும் பகுதியில் வைத்து, அதற்கு முன்னே பரபக்கத்தை அமைத்தார். கடவுளும் மறுபிறப்பும் இல்லை என்னும் உலகாயதன் முதலாகப் பௌத்தர் நால்வர், சமணர், ஆசீவகர், மீமாஞ்சகர், மாயாவாதி, சாங்கியர் எனப் 14 கொள்கையினர் அங்கே வரிசையாக வந்து பேசுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் முதலில் அவர் மதம்; அதன் பின்னரே மறுதலை. எதிரிக்கு எங்கும் முழுநீதி கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஏளனமும் இடையிடையே உண்டு. ஆனால் மறுப்பவன் முதலில் கற்றாக வேண்டும் என்னும் முறை அங்கே நிற்கிறது.

இம்முறை சைவர்க்கே உரியதுமன்று. அதே மாவட்டத்தில், திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில், தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் உள்ளது. அச்சமயத்தார் போற்றும் நீலகேசி என்னும் காப்பியத்தின் தலைவி, முனிவர் ஒருவரை அச்சுறுத்த வந்து தோற்று, அவரிடமே அறம் கேட்ட பேய்மகள். அதன் பின் அவள் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரைத் தேடிச் சென்று வாதிடுகிறாள். தோற்றவர் கற்றார், கற்றவர் தேடினார் என்னும் அதே நிரல் இங்கும்! சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சக்கரவர்த்தி நயினார் 1936இல் இந்நூலைச் சமயதிவாகர முனிவர் உரையுடன் பதிப்பித்தார்.

அப்பதிப்பினால் விளைந்த ஒரு பயனை மட்டும் கூறி முடிக்கிறேன். நீலகேசி மறுக்க எழுந்த பௌத்த நூலாகிய குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. அந்நூலின் வேறு பல பாடல்களது முதற்குறிப்புகள் நமக்கு எங்கே கிடைக்கின்றன தெரியுமா? அதை மறுத்த நீலகேசியின் உரையிலேதான்.