வீணையின் விலையும் பனியனின் விலையும்



தஞ்சாவூரில் ஒரு விலைக்குக் கிடைக்கும் வீணை, இலண்டனிலும் டொராண்டோவிலும் அதனினும் மிகுந்த விலை பெறுவது ஏன்? பின்னலாடை ஊராகிய திருப்பூரில் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிது. இங்கே தைத்த பனியனும் ஐரோப்பியக் கடையில் பன்மடங்கு விலை பெறுகின்றது.

முதற்காரணம் வழிச்செலவு. ஆயிரக்கணக்கான பனியன்கள் மடிக்கப்பெற்று ஒரே கண்டெய்னரில் கப்பலேறுகின்றன; செலவு சிறு சிறு பங்காகப் பிரிந்துவிடுகிறது. வீணையோ தனிப்பெட்டியில் செல்ல வேண்டும். விமானச் சரக்குக்கு எடையோடு, அது அடைக்கும் இடமும் கணக்கு. பலாமரத்தைக் குடைந்து குடமாக்கிய தச்சர் உள்ளே விட்ட வெற்றிடத்துக்கும் வாங்குவோர் கட்டணம் செலுத்த நேர்கிறது.

அடுத்தது வாங்குவோர் தொகை. அயல்நாட்டில் வீணை நாடுவோர் சிலரே. கடையில் அது காத்திருக்கும் மாதங்களின் வாடகையும் விலையில் ஏறுகிறது. மெழுகில் பதித்த 24 மெட்டுகளுள் ஒன்று பிசகினாலும் சரிசெய்வோர் அங்கே அரியர்.

மூன்றாவது அரசு விதிப்பன. 1974 முதல் 2004 இறுதி வரை, பல இழை ஒப்பந்தத்தின்கீழும் அதைத் தொடர்ந்து வந்த ஒப்பந்தத்தின்கீழும் மேலை நாடுகள் ஆடை இறக்குமதிக்கு அளவு வகுத்திருந்தன. அந்தக் கோட்டாவுக்கே தனி விலை இருந்ததைத் திருப்பூர் அறியும். இசைக்கருவிக்கும் இது பொருந்தும். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, கையால் செய்யும் நாட்டுக் கருவிகள் விலக்குப் பெற்றன. பிற கருவிகளுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பெற்று, அவ்வாண்டு நவம்பரில் 18 ஆகக் குறைந்தது. கடல் கடந்து வரும் கிதாருக்குச் சுங்க வரியும் சேர்ந்தது. அங்கே வீணைக்கு விலை ஏறுவதுபோல், இங்கே கிதாருக்கு ஏறுகிறது.

விமானக் கட்டணமோ, கடை வாடகையோ, வரியோ தச்சர் கைக்கு வருவதில்லை. அவை தையற்காரர் கைக்கும் வருவதில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு பெயரைக் காக்கும், கூலியை நிர்ணயிக்காது. கூலி போதாமல் உளி பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் சென்றால், வீணை தஞ்சையிலும் அரும்பொருளாகிவிடும்.

வீணையை உவமையாக ஆளும் கவிஞர்கள், அதைச் செய்த கைகளுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். பனியன் தைக்கும் ஊரிலிருந்து அக்கேள்வி எழுவதே முறை.