பதினெட்டில் நிற்கும் கோடு
(கருத்தரங்குத் தலைமை உரை)



புற்றுநோய் கண்ட வளரிளம் பருவத்தினரையும் இளைஞர்களையும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 முதல் 39 வயது வரை தனிப் பிரிவாகக் கொள்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் 13 முதல் 24 வரை. எல்லை எதுவானாலும், கிளினிக்கல் டிரையல் எனப்படும் சிகிச்சை ஆய்வுகளில் குழந்தைகள் சேரும் அளவுக்கு இவர்கள் சேருவதில்லை. ‘இந்த வயசுப் பிள்ளைங்க ஒத்துழைக்க மாட்டாங்க’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பழியை அவர்கள் மேல் போடுவதற்கு முன் நம் ஆய்வுத் திட்டங்களில் நாமே கிழித்த வயதுக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தக் கோடு என்ன செய்யும் என்பதை லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய் காட்டியது. அமெரிக்காவில் 1988 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற, 16 முதல் 20 வயது வரையிலான 321 பேரின் பதிவுகளை வெண்டி ஸ்டாக் குழுவினர் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். ஒரே நோய், ஒரே வயது. சிலர் குழந்தைகளுக்கான ஆய்வுக் குழுவின் ஆய்விலும் மற்றவர்கள் பெரியவர்களுக்கான குழுவின் ஆய்விலும் இருந்தார்கள். நோய் முதலில் அடங்கிய விகிதம் இருபுறமும் 90 சதவீதம். ஆனால் ஏழாண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் குழந்தைகள் குழுவில் 63 சதவீதம், பெரியவர்கள் குழுவில் 34 சதவீதம். குழந்தைகளுக்கான முறையில் வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு, ஆஸ்பராஜினேஸ் கூடுதல். மூளைக்கான தடுப்புச் சிகிச்சையும் முன்கூட்டியே தொடங்கியது. எந்த மருத்துவர் எந்தத் துறைக்குச் சீட்டு எழுதினார் என்பது ஒரு பிள்ளையின் ஆயுளையே தீர்மானித்திருக்கிறது. இரு தரப்பினரும் ஆய்வுகளில் இருந்ததால்தான் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது. ஆய்வுக்கே வராதவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

கோட்டை அழிக்க முடியும். ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கான எஸ்1826 ஆய்வை, பெரியவர்களுக்கான ஆய்வுக் குழுக்களும் குழந்தைகளுக்கான ஆய்வுக் குழுவும் சேர்ந்தே நடத்தின. 12 வயது முதலே சேர்த்தார்கள். 994 பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 18 வயதுக்குக் கீழ். நமக்கும் ஒரு முன்னோடி உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையை 25 வயதுக்குட்பட்டோருக்குப் பின்பற்றின.

கோடு போனால் மட்டும் போதாது. பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் நம் முன் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள். படிவம் அப்பா கையில். ‘எங்க புள்ளைய வச்சு சோதனை பண்ணப் போறீங்களா?’ என்பது அம்மாவின் கேள்வி. பரீட்சை எழுத முடியுமா, பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா என்பவை அவனுடைய கேள்விகள். பெற்றோர் எதிரில் அவன் வாய் திறக்க மாட்டான். சிகிச்சை ஆய்வுகளுக்கான நமது 2019ஆம் ஆண்டு விதிகள் பெற்றோர் ஒப்புதலோடு சிறாரின் இசைவையும் கேட்கின்றன. அதைக் கையெழுத்துச் சடங்காக்காமல் அவனோடு தனியே பத்து நிமிடம் பேசுங்கள். விந்தணுச் சேமிப்பு பற்றி முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

இளைஞர்கள் ஆய்வுகளில் சேருவது பற்றி லார்னா ஃபெர்னும் சக ஆய்வாளர்களும் 2014இல் பிரிட்டனில் வகுத்த ஐந்து அளவுகோல்கள் நம் அமர்வுகளுக்கு உதவும். ஆய்வு இருக்கிறதா? எட்டும் இடத்தில் இருக்கிறதா? மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்திருக்கிறதா? வயதுக்குப் பொருந்துகிறதா? மனம் ஏற்கும்படி இருக்கிறதா? ஐந்தில் ஒன்றுகூட இளைஞர்களைக் குறை சொல்லவில்லை.

கட்டுரை படிக்க வந்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வின் வயது வரம்பை முதல் ஸ்லைடிலேயே காட்டி, அந்த எண்ணுக்கு மருத்துவக் காரணம் என்ன என்று சொல்லுங்கள். காரணம் இல்லையென்றால் அடுத்த திட்டத்தில் அந்த எண்ணை மாற்றுங்கள். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.