ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

(ஹேவ்லாக் தீவில் கற்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைய பேச்சு சாவைப் பற்றியது. "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது. சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடாது. பேசாமல் விட்டால்தான் பின்னால் இருப்பவர்கள் தவிப்பார்கள்.

ஒருவர் இறந்த பிறகு அவருடைய பணமும் கணக்கும் எங்கே இருக்கின்றன என்று வீட்டாருக்குத் தெரிய வேண்டும். அதற்கு உயிரோடு இருக்கும்போதே என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெட்டியில் இருந்த காலம்

அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் பத்திரம், பாஸ்புக், அடகுச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாம் இருந்தன. வீட்டுப் பெரியவர் கண்ணை மூடினால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சொத்தும் தெரியும். கடனும் தெரியும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நிக்கோபார் தீவுகளில் பேரழிவு ஏற்பட்டது. ஆட்கள் போனார்கள். வீடு போனது. பெட்டியும் அதிலிருந்த காகிதமும் போயின. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் இறந்ததாகக் கருத வேண்டுமானால் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். சுனாமியில் காணாமல் போனவர்களுக்காக அரசு தனி ஏற்பாடு செய்து இறப்புச் சான்றிதழ் கொடுத்தது. ஆனால் சான்றிதழ் மட்டும் போதுமா? எந்த வங்கியில் பணம் இருந்தது, எந்த இன்சூரன்ஸ் இருந்தது என்று உயிர் பிழைத்தவருக்குத் தெரிந்திருந்தால்தானே போய்க் கேட்க முடியும்?

போனுக்குள் போன காலம்

இப்போது காலம் இன்னும் மாறிவிட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் கேபிள் போட்டார்கள். அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது திறக்கப்பட்டது. அந்தக் கேபிள் ஹேவ்லாக்குக்கும் வந்திருக்கிறது. 2018 டிசம்பர் முதல் இந்தத் தீவுக்கு சுவராஜ் தீவு என்பது அரசுப் பெயர். பழகிய வாய்க்கு இன்னும் ஹேவ்லாக்தான்.

இன்று படகுத் துறையிலும், கோவிந்த நகர் கடைத்தெருவிலும், ராதாநகர் கடற்கரையில் இளநீர் விற்கும் இடத்திலும் போனிலேயே பணம் வாங்குகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் டிரங்குப் பெட்டியை யாரும் திறக்கலாம். போனைத் திறக்க அவருடைய விரல் வேண்டும். அல்லது அவர் மனதில் வைத்திருந்த எண் வேண்டும். அவரே போய்விட்டால்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பல வீடுகளில் நடக்கக்கூடியதுதான் இது. கணவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஹேவ்லாக்கில் படகு வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். மாதாமாதம் போனிலேயே பணம் அனுப்புவார். ஒருநாள் நெஞ்சு வலி. ஆள் போய்விட்டார். மனைவி கப்பலேறி வந்து சேர்ந்தார். கையில் கொடுத்தது ஒரு துணிப்பையும் ஒரு செல்போனும்தான். போன் பூட்டியிருக்கிறது. எந்த வங்கி? தெரியாது. சீட்டுக் கட்டினாரா? தெரியாது. யாருக்காவது கடன் கொடுத்தாரா, வாங்கினாரா? தெரியாது. அவருக்குத் தெரிந்தது கணவரின் போன் நம்பர் மட்டும்தான்.

அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் படிப்பதற்கு அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

சொல்லாமல் கிடக்கும் பணம்

பத்து ஆண்டு யாரும் கேட்காத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள தனி நிதிக்குப் போகிறது. 2023 பிப்ரவரி வரை அரசு வங்கிகள் மட்டும் இப்படி மாற்றிய தொகை 35,012 கோடி ரூபாய். ஏழை, நடுத்தர மக்கள் போட்டு வைத்த பணமும் இதில் உண்டு. போட்டவர் இறந்திருப்பார். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பணம் தொலைந்து போகவில்லை. உரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். தேடிப் பார்ப்பதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் வீட்டில் எழுதி வைத்திருந்தால் இந்தத் தேடலே வேண்டாமே!

முதல் வேலை: நாமினி

நாளையே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். "என் கணக்கில் நாமினி யார்?" என்று கேளுங்கள். இல்லை என்றால் படிவம் வாங்கிப் பூர்த்தி செய்யுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். கல்யாணத்துக்கு முன்னால் கணக்குத் தொடங்கியவர்கள் அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். அம்மா இறந்த பிறகும் அந்தப் பெயரே இருக்கும். அதைப் பார்த்து மாற்றுங்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. நாமினி படிவத்தில் கைநாட்டு வைத்தால் இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்துப் போட்டால் சாட்சி தேவையில்லை. கையெழுத்துக் கற்றுக்கொண்டதற்கு உடனே கிடைக்கும் பலன் இது.

நாமினி போட்டிருந்தால் இறப்புச் சான்றிதழ், விண்ணப்பம், நாமினியின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். காகிதங்கள் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் வங்கி கொடுக்க வேண்டும். நாமினி இல்லை என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய தொகையாக இருந்தால் கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கும்.

வங்கிப் பணத்தில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கைதான். அவரே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பணம் சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர வேண்டும். "இன்னாருக்கு இவ்வளவு" என்று நீங்கள் முடிவு செய்ய விரும்பினால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும். உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். முத்திரைத்தாள் கட்டாயம் இல்லை.

இரண்டாவது வேலை: ஒரு பக்கம்

பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்.

1. எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு எண். தபால் நிலையக் கணக்கு இருந்தால் அதுவும்.
2. எந்தப் போன் நம்பரோடு கணக்கு இணைந்திருக்கிறது.
3. போனில் என்னென்ன வழியாகப் பணம் வருகிறது: கூகுள் பே, போன்பே போன்றவை.
4. இன்சூரன்ஸ் பாலிசி எண்.
5. வருங்கால வைப்பு நிதி எண். ஓட்டலிலோ கம்பெனியிலோ வேலை செய்பவர்களுக்கு இது இருக்கலாம்.
6. சீட்டு, மகளிர் குழுச் சேமிப்பு, நகைக்கடன்.
7. கொடுத்த கைமாற்று, வாங்கிய கைமாற்று.
8. மின்னஞ்சல் முகவரி.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்புக்கை இன்றைக்கே படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை 436 ரூபாய் கழிந்திருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் கழிந்திருக்கிறதா? அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. முதலாவதில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. இரண்டாவதில் விபத்து இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. பணம் தானாகக் கழிகிறது. அதனால் கட்டுகிறவருக்கே சில சமயம் நினைவு இருப்பதில்லை. வீட்டாருக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்காவிட்டால் யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள்.

எழுதக் கூடாதது எது? ஏ.டி.எம். பின் நம்பர், போனில் பணம் அனுப்பும் பின் நம்பர். இவற்றை அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். தாள் தவறான கைக்குப் போனால் ஆபத்து. மேலும், இறந்தவரின் பின் நம்பரைப் போட்டுப் பணம் எடுப்பது தவறு. மற்ற வாரிசுகள் கேட்டால் வழக்காகிவிடும். பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மற்றதைச் சட்டப்படி வாங்கிக்கொள்ளலாம்.

எழுதிய பக்கத்தைப் பத்திரமான இடத்தில் வையுங்கள். வைத்த இடத்தை மனைவியிடமோ, கணவரிடமோ, வளர்ந்த பிள்ளையிடமோ சொல்லுங்கள். வெளியூரில் வேலை செய்பவர்கள் ஒரு பிரதியை ஊருக்குக் கொடுத்து அனுப்புங்கள். ஒன்று கடலில் போனாலும் இன்னொன்று இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, அதைப் படித்துத் திருத்துங்கள். பெண்களே, நீங்களும் உங்கள் பக்கத்தை எழுதுங்கள். குழுக் கணக்கு உங்கள் பெயரில்தானே இருக்கிறது?

படமும் கடிதமும்

போனில் பணம் மட்டுமா இருக்கிறது? பிள்ளை பிறந்தபோது எடுத்த படம் இருக்கிறது. அப்பாவின் குரல் இருக்கிறது.

2004 நவம்பரில் ஜஸ்டின் எல்ஸ்வொர்த் என்ற அமெரிக்கப் படைவீரர் ஈராக்கில் இறந்தார். அவருடைய மின்னஞ்சல்களைப் பெற்றோர் கேட்டார்கள். யாஹூ கம்பெனி விதியைக் காட்டி மறுத்தது. பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005 ஏப்ரலில் கோர்ட்டு உத்தரவு போட்ட பிறகுதான் மகனின் கடிதங்கள் கைக்கு வந்தன.

இப்போது அதற்கு வழி இருக்கிறது. கூகுள் கணக்கில், "இத்தனை மாதம் நான் பயன்படுத்தாவிட்டால் இன்னாருக்குத் தெரிவி" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். 3 மாதம் முதல் 18 மாதம் வரை நீங்களே காலம் குறிக்கலாம். படங்களை யார் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால், இரண்டு ஆண்டு பயன்படாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். பேஸ்புக்கிலும் இறந்த பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். செய்யத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

இறந்த பிறகு வீட்டார் செய்ய வேண்டியது

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். இறந்த இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். ஹேவ்லாக்கில் இறந்தவரின் இறப்பை ஊருக்குப் போய்ப் பதிவு செய்ய முடியாது. சான்றிதழில் பல பிரதிகள் வாங்குங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள். ஆதாரில் ஒரு விதம், சான்றிதழில் ஒரு விதம் என்றால் அலைச்சல்தான்.

போன் நம்பரை உடனே விட்டுவிடாதீர்கள். வங்கியின் செய்திகள் அதற்குத்தான் வரும். 90 நாள் பயன்படுத்தாத எண்ணைத் துண்டித்துவிடலாம். பிறகு அது வேறு ஒருவருக்குப் போகலாம். சான்றிதழைக் காட்டிக் குடும்பத்தார் பெயருக்கு மாற்றிக் கேளுங்கள். "இறந்தவர் பணம் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் சொல்லவே சொல்லாதீர்கள். நேராக வங்கிக்குப் போங்கள்.

நண்பர்களே! அ, ஆ என்று தொடங்கி, கையெழுத்துப் போட்டு, பஸ் போர்டு படித்து, இன்று பாஸ்புக் படிக்கும் வரை வந்திருக்கிறீர்கள். கடல் கடந்து வந்து உழைத்த காசு இது. இன்று இரவு சாப்பிட்ட பிறகு நோட்டைத் திறங்கள். வங்கியின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. படிக்கப் போகிறவர் உங்கள் பிள்ளைதான்.