வாழைத்தாருக்கு எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

(தாம்பரம் சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊர்ப் பொதுவில் குளிர்பதனக் கிடங்கு ஒன்று வேண்டுமென்று உங்களுள் பலர் கேட்டு வருகின்றீர்கள். நல்ல கோரிக்கைதான். தாம்பரத்தைச் சுற்றி வயல்கள் சுருங்கி வீடுகள் பெருகிவிட்டன. திருச்சி, தேனி வாழைத்தார்களை வாங்கி விற்போரும் நம்மிடையே உண்டு. ஆனால், உருளைக்கிழங்கும் ஆப்பிளும் அடுக்கும் அதே அறையில் வாழைத்தாரையும் வைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அங்கேதான் கைப்பொருள் போய்விடும்.

பச்சை வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு மாவுச்சத்து. நன்கு கனிந்த பழத்தில் அது ஒன்றிரண்டு பங்காகக் குறைந்துவிடுகின்றது. எஞ்சியது எங்கே போயிற்று? பெரும்பகுதி சர்க்கரையாயிற்று. இம்மாற்றத்தைச் செய்பவை அமிலேஸ் முதலிய நொதிகள். நொதிகளை உண்டாக்கும் கட்டளை காயின் உயிரணுக்களிலுள்ள மரபணுக்களிலிருந்து வருகின்றது. 2012இல் அறிஞர்கள் வாழையின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டனர்; 36,000க்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் உள்ளன. அவற்றுள் சிலவே மாவைச் சிதைக்கும் வேலைக்கு உரியவை. காய் முற்றி, எத்திலீன் என்னும் வாயு அதனுள் சுரந்ததும் அவை சுறுசுறுப்படைகின்றன.

வாழையோ வெப்பநாட்டுப் பயிர். ஏறத்தாழ 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் அம்மரபணுக்களின் வேலை தளர்கின்றது. நொதி போதிய அளவு உண்டாவதில்லை. மாவு மாவாகவே நின்றுவிடுகின்றது. தோல் சாம்பல் படர்ந்து கருக்கும். சதை கெட்டியாகக் கிடக்கும். பின்னர் வெளியே எடுத்து வைத்தாலும் ஒழுங்காகப் பழுப்பதில்லை. பச்சைக்காயை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்த தாய்மார்களுக்கு இது தெரியும். கெடுத்தது குளிர், சந்தையில் பழி கேட்பவரோ பயிரிட்ட உழவர்!

உருளைக்கிழங்கின் போக்கு வேறு. மிகுந்த குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறுகின்றது; அதனால்தான் அக்கிழங்கை வறுத்தால் கருகுகின்றது. ஒரே குளிர், இரண்டு பொருள்களில் எதிரெதிரான வேலை செய்கின்றது. ஆப்பிளுக்கோ 0 முதல் 4 டிகிரி வரை ஏற்றது. மேலும் அது வெளிவிடும் எத்திலீன், பக்கத்திலுள்ள வாழைக்காயைக் காலத்துக்கு முன்பே பழுக்கவைத்துவிடும். ஆகவே ஒரே அறை எல்லாவற்றுக்கும் ஆகாது.

வாழைக்கு 13 முதல் 14 டிகிரியும், 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள தனியறை வேண்டும். அவ்வளவு குளிர்ச்சிக்கு மின்சாரமும் குறைவாகவே செலவாகும் என்பதைக் கணக்குப் பார்ப்போர் கவனிக்க. விற்பனைக்கு முன் 16 முதல் 18 டிகிரியில் வைத்து எத்திலீன் வாயுவால் பழுக்கவைக்கலாம். பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அதற்குச் சட்டம் இடமளிக்கின்றது. கால்சியம் கார்பைடு கல்லோ தடைசெய்யப்பட்டது. அதில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருக்கக்கூடும். தோலை மஞ்சளாக்கிக் காட்டினாலும் உள்ளிருக்கும் மாவு முழுதும் சர்க்கரையாவதில்லை; வாங்கியவர் மறுமுறை அக்கடைக்கு வரமாட்டார்.

திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இயங்கி வருகின்றது. கிடங்கின் வரைவை முடிவு செய்யுமுன் அங்கு எழுதிக் கேட்கலாம். தீர்மானம் இயற்றும்போது, எந்தெந்த விளைபொருள், எத்தனை டன், எத்தனை நாள் வைக்கவேண்டும் என்பவற்றையும், வாழைக்குத் தனியறை, தனி வெப்பமானி என்பதையும் மறவாது எழுதி அனுப்புங்கள். மதிப்பீட்டை அதற்கேற்பவே தயாரிக்கச் சொல்லுகின்றேன்.